கருவியும் இருக்கையும்: தமிழகத்தில் கல்வித் தொழில்நுட்ப ஆய்வின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

1. முன்னுரை

கல்வித் தொழில்நுட்பம் என்னும் தொடர் புதியது. அது சுட்டும் பொருள் பழையது. ஓலையும் எழுத்தாணியும் ஒரு காலத்துக் கல்விக் கருவிகள். மணற்பரப்பும் விரலும் அவற்றினும் எளிய கருவிகள். இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் அவ்விடத்தில் நிற்கின்றன. கருவிகள் தோன்றிய வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். அக்கருவிகளால் மாணாக்கன் எவ்வாறு கற்கின்றான் என்று ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொள்ள விழைந்தோர்க்குப் பல்கலைக்கழகங்களில் எத்தகைய இடம் கிடைத்தது என்பது வேறொரு வரலாறு. அதனை நிரல்பட நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

இவ்வாய்வுக்கு நிலைக்களனாகத் தேனி மாவட்டத்து வடுகபட்டியைக் கொள்கின்றோம். பெரியகுளத்தை அடுத்துள்ள இப்பேரூர் பூண்டுச் சந்தையால் பெயர் பெற்றது. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்பதனால் இலக்கிய மாணவரும் நன்கறிந்தது. தலைநகரிலோ கடல் கடந்த நாட்டிலோ அமைக்கப்பெறும் ஒரு கருவி தமிழ்க் கல்விக்குப் பயன்பட்டது என்று கூற வேண்டுமாயின், அஃது இத்தகைய ஊரின் மாணாக்கனை அடைந்திருத்தல் வேண்டும். அடைந்து, அவன் கற்றலை மேம்படுத்தியிருத்தலும் வேண்டும். அடைதல் வேறு, மேம்படுத்தல் வேறு. முன்னதற்குக் கருவி போதும். பின்னதற்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு ஆய்வாளர் வேண்டும். ஆய்வாளர்க்கு இருக்கை வேண்டும். இம்முறைமையை மனத்துட்கொண்டு வரலாற்றினுட் புகுவோம்.

2. நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தி முனிவர் தம் இலக்கணத்தின் முகப்பில் அமைத்த பொதுப்பாயிரம், நூலினது வரலாறு, ஆசிரியனது வரலாறு, பாடஞ் சொல்லலினது வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங் கேட்டலினது வரலாறு என ஐந்து பகுதிகளை உடையது. எழுத்தும் சொல்லும் உணர்த்தப் புகுந்த ஆசிரியர், கற்பித்தலையும் கற்றலையும் முதற்கண் வைத்தார் என்பது எண்ணத் தக்கது. கற்கும் முறையை ஆராய்தல் தமிழ்ப் புலமைக்குப் புறம்பானது என்பார்க்கு இஃதொன்றே போதிய விடையாகும்.

பாடங் கேட்டல் பற்றிய பகுதியில் அவர் கற்றலைப் பகுத்துக் காட்டும் திறம் வியக்கத்தக்கது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் புலமையில் காற்பங்குக்கு மேல் எய்தான். உடன் பயில்வாரோடு கூடிப் பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலால் மட்டுமே நிறைவுறும். இக்கணக்கினை ஆய்வகத்தில் அளந்து கண்ட விழுக்காடாகக் கொள்ள வேண்டுவதில்லை. கற்றலின் மூன்று வாயில்கள் இவை என்றும், அவற்றுள் ஆசிரியன் சொல் ஒன்றே முழுமையன்று என்றும் கொள்ளுதல் போதும். பின் வரும் கருவிகள் ஒவ்வொன்றும் இம்மூன்றனுள் எவ்வாயிலைத் திறந்தது என்று இவ்வளவுகோல் கொண்டு காண்போம்.

3. மணலில் தொடங்கிய முறை

தமிழகத்திலிருந்து உலகிற்குச் சென்ற கல்வித் தொழில்நுட்பம் ஒன்று உண்டு. 1787இல் இந்தியா வந்த ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்துக் குருமார், 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராகப் பணி புரிந்தார். நாட்டுப் பள்ளியொன்றில் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் விடுதியில் புகுத்த விரும்பினார். விடுதி ஆசிரியர்கள் இசையவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளைய மாணவர்க்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். முயற்சி பயன் தந்தது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல் வழியாக அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. 1811இல் தோன்றிய தேசியக் கழகத்தின் பள்ளிகள் வாயிலாக இங்கிலாந்தெங்கும் அது பரவியது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் நம் ஆய்வுக்கு உரியன. ஒன்று, மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பித்தல் என்பது நன்னூலார் கூறும் அரைப்பங்கின் செயல்வடிவம். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்து வந்ததும் அதுவே. மற்றொன்று, கருவியும் முறையும் இந்நாட்டினவாயினும், அவற்றைக் கண்டு, ஒப்பிட்டு, எழுத்தில் வடித்த ஒருவர்க்கே பெயர் நின்றது. மணலைப் பரப்பி எழுதக் காட்டிய நாட்டு ஆசிரியரின் பெயர் வரலாற்றில் இல்லை. செய்தவர் மறைந்தனர், செய்ததை ஆராய்ந்து எழுதியவர் நின்றார். இவ்வேற்றுமை பின்னைய வரலாற்றிலும் தொடர்கின்றது.

4. அஞ்சலும் அலையும்

1966இல் நிறுவப்பெற்ற மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், அவரை அடுத்து 1971இல் பொறுப்பேற்றவர் மு. வரதராசனார். இருவரும் தமிழ்ப் பேராசிரியர்கள். அந்த 1971ஆம் ஆண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் காட்டிய வழி அது. மதுரைக்குச் சென்று தங்கிப் படிக்க இயலாத ஆசிரியர், அலுவலர், இல்லத்துப் பெண்டிர் ஆகியோர்க்கு வடுகபட்டி போன்ற ஊர்களில் பல்கலைக்கழகம் அஞ்சற்காரர் கையில் வந்து சேர்ந்தது. அச்சிட்ட பாடம் ஆசிரியன் சொல்லைச் சுமந்து வந்தது; அதாவது, முதற் காற்பங்கு வந்தது. விடுமுறைக் காலத் தொடர்பு வகுப்புகள் உடன் பயில்வாரைச் சில நாள் கூட்டுவித்தன. பாடங்களை எழுதுதல் பாடத்துறைப் பேராசிரியர்களின் பணியாயிற்று. அப்பாடத்தைத் தனியே இருந்து கற்றவன் எவ்விடத்தில் தடுமாறினான் என்று காணுதல் அத்துறைகளின் ஆய்வுப் பொருளாக அமையவில்லை.

அடுத்து வந்தது வானலை. 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் அனுப்பிய பெருஞ்சோதனையில் ஆறு மாநிலங்களைச் சார்ந்த 2,400 சிற்றூர்கள் இடம் பெற்றன. அண்டையிலுள்ள ஆந்திரமும் கருநாடகமும் அவ்வாறனுள் இருந்தன, தமிழகம் இல்லை. 1984 ஆகஸ்டு 15இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்சன் வழியாக நாடு தழுவிய வகுப்பறை என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்க்குரிய அந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தன. அலை எட்டிய ஊரிலும் மொழி எட்டாத நிலை அது. அந்நிகழ்ச்சிகளை ஆக்குவதற்கென நிறுவப்பெற்ற நடுவங்களுள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினதும் அண்ணா பல்கலைக்கழகத்தினதும் தமிழகத்தைச் சார்ந்தவை. தயாரிப்பாளர் முதலிய பதவிகள் அங்கு உருவாயின. கல்வித் தொழில்நுட்பத்தையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு இவ்வாறு தமிழகத்தில் தலைகாட்டியது. எனினும், அவை ஆக்கப் பணிக்கு உரிய பதவிகள். பாடத் துறைகளின் பேராசிரியர் வரிசையோடு இணைந்தவை அல்ல.

5. இணையத் தமிழை அமைத்தோர்

1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பொன்று இணையத்தில் ஏற்றப்பெற்றபோது, தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே அதில் இடம் பெற்றன. அதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி (1946–1999). சிறுகதை ஆசிரியராகிய அவர், சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். அவருடன் உழைத்த தான் தின் வீ, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பயிற்றியவர். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நிகழ்ந்த முதல் தமிழ் இணைய மாநாடு இவர்கள் முயற்சியால் கூடியது. 1998 பொங்கல் நாளையொட்டித் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்தது. அதனை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளிவேதியியல் ஆய்வாளர்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் இணையவழித் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பெறும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கியவர் வா. செ. குழந்தைசாமி (1929–2016). கரூர்ப் பகுதிச் சிற்றூரில் பிறந்து, அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நீரியலில் முனைவர் பட்டம் பெற்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிற்கும் துணைவேந்தராக விளங்கியவர். 'வாழும் வள்ளுவம்' என்னும் நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17இல் தொடங்கிவைக்கப்பட்டது. பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறி, மழலைக் கல்வி முதல் பட்டக் கல்வி வரை பாடங்களையும் மின்னூலகத்தையும் உலகத் தமிழர்க்கு வழங்கி வருகின்றது.

2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடித் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பவழிக் கற்றல் திட்டத்திற்குச் சென்னைக் கழகம் நடுவிடமாயிற்று. அக்கழகத்தின் அன்றைய இயக்குநர் மு. ச. அனந்த் வேதிப் பொறியியலார். திட்டத்தின் இணையப் பகுதியை ஒருங்கிணைத்த மங்கள சுந்தர் கிருஷ்ணன் வேதியியற் பேராசிரியர்.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. நீரியலார் ஒருவர், வேதியியல் சார்ந்தோர் மூவர், உயிர்வேதியியலார் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர். அறுவருள் ஐவர் பிறிதொரு துறையின் இருக்கையில் அமர்ந்தே இப்பணியை ஆற்றினர். தம் துறையில் நிலைபெற்ற பின்னர் ஆர்வத்தாலும் கடமை உணர்வாலும் செய்த தொண்டு அது. நன்றியோடு போற்றத் தக்கது. ஆயினும், தொண்டு ஒருவரோடு முடியக்கூடும். துறையே வழிவழியாகத் தொடர்வது. கோவிந்தசாமி ஒருவரே தம் இருக்கைக்குரிய பணியாக இதனைச் செய்யத் தக்க நிலையில் இருந்தார். மொழி கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவதே அவர் கழகத்தின் தொழில். அவர் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தமை தமிழ்க் கல்விக்கு நேர்ந்த பேரிழப்பு.

6. இருக்கை அமைந்த இடங்கள்

இருக்கை அமைத்தல் இயலாத செயல் அன்று. 1969இல் அரச பட்டயம் பெற்ற பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், கல்வித் தொழில்நுட்பத்திற்கெனத் தனி நிறுவனம் ஒன்றைத் தன் தொடக்கக் காலத்திலேயே அமைத்தது. பாடத்தை ஆக்கும் குழுவில் துறை அறிஞரோடு கல்வித் தொழில்நுட்ப அறிஞரும் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். பாடத்தை எழுதுவோர் ஒருவர். அது கற்கப்படும் முறையை ஆராய்வோர் மற்றொருவர். இருவரும் ஒரே அவையினர். இதுவே அங்கு ஆய்வு நிலைபெறக் காரணமாயிற்று.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. 1984இல் புது தில்லியில் மையக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாயிற்று. குழந்தைசாமி துணைவேந்தராக இருந்த காலத்தில், 1993இல், இந்திராகாந்தி பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்விக்கெனப் பணியாளர் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. தொலைநிலைக் கல்வியே பட்டத்திற்கும் ஆய்வுக்கும் உரிய பொருளாயிற்று. 2010இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழி வகுத்தது. ஆகவே, இத்துறையில் முறையாகப் பயின்று, ஆய்ந்து, பேராசிரியராகும் வழி இந்நாட்டில் பிறந்துவிட்டது. அவ்வழி தமிழ்த்துறையின் வாயில் வரை வந்துள்ளதா என்பதே வினா.

7. மதிப்பெண்ணும் துறையும்

மத்திய அரசு 2017 சூலை 9இல் தொடங்கிய ஸ்வயம் என்னும் இணையக் கல்வித் தளத்தில் ஒரு பாடம் நான்கு பகுதிகளால் ஆகும்: காணொளிப் பேருரை, படிப்பதற்குரிய உரைப்பகுதி, தன்னைத் தானே மதிப்பிடும் தேர்வு, கலந்துரையாடும் மன்றம். நன்னூல் அளவுகோலைக் கொண்டு நோக்கின் முதலிரண்டும் ஆசிரியன் சொல். நான்காவது உடன் பயில்வார் கூட்டம். மூன்றாவது இவற்றின் பயனை அளப்பது. கற்றவன் பிறர்க்கு எடுத்துரைக்கும் அரைப்பங்கிற்குத் தனிப் பகுதி இல்லை. மணலும் விரலும் கொண்டு எட்டு வயதுச் சிறுவன் செய்த பணிக்குப் பல்லாயிரம் பேர் பயிலும் தளத்தில் இடம் அமையவில்லை என்பது ஆய்வாளர் கருத்தை ஈர்க்க வேண்டிய செய்தி.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 சூலையில் வெளியிட்ட விதிமுறைகள் ஆசிரியர் பதவி உயர்வுக்குரிய ஆய்வு மதிப்பெண்களை வகுத்தன. மொழித்துறையினர் எழுதும் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10. நான்கு பகுதிகளும் நிறைந்த முழு இணையப் பாடம் ஒன்றுக்கு 20. முழுமையான மின்பாடத் தொகுதிக்கு 12 என அவை அமைந்தன. பாடம் ஆக்குவோரின் உழைப்பை இவை மதித்தன என்பதில் ஐயமில்லை. ஆனால், ஆக்கிய பாடம் கற்பவனிடத்து யாது செய்தது என்று ஆராய்வோன் நிலை வேறு. அவன் எழுதும் கட்டுரைக்கும் மதிப்பெண் உண்டு. அவனை நியமிக்கும் துறை எது என்பதே தெளிவில்லாதது. ஆசிரியப் பணிக்குரிய தேசியத் தகுதித் தேர்வில் தமிழ் ஒரு பாடம். கல்வியியல் ஒரு பாடம். கணிப்பொறி அறிவியல் ஒரு பாடம். கல்வித் தொழில்நுட்பமோ தனிப் பாடம் அன்று. கல்வியியலுள் அடங்கிய ஓர் அலகு. தமிழில் முதுகலை பயின்று, இணையவழித் தமிழ்க் கற்றலில் முனைவர் பட்டம் பெறும் மாணவரைத் தமிழ்த்துறை இலக்கியத்திற்கு அயலாராகக் கருதலாம். கல்வியியல் துறை தன் பட்டம் இல்லாதவராகக் கருதலாம். இரு துறைக்கும் இடைப்பட்ட வெளியில் அவர் நிற்க நேரும்.

கோடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மலையில் விளையும் அப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி வந்தே விலை பெறுகின்றது. தரம் அறிந்து பிரிப்போரும் விலை கூறுவோரும் அங்கு உளர். விளைச்சல் எத்துணைச் சிறந்ததாயினும், தரம் அறியும் இடம் ஒன்று இல்லையெனின் விளைத்தவன் அடுத்த பருவத்தில் வேறு பயிருக்கு மாறுவான். ஆய்வுக்கும் இது பொருந்தும். துறை என்பது ஆய்வின் தரம் அறியும் சந்தை.

8. தமிழ்த்துறையின் கடன்

இவ்வாய்வு கல்வியியல் துறைக்கே உரியது. தமிழ்த்துறை ஏன் சுமக்க வேண்டும் என்று வினவலாம். முறையைக் கல்வியியல் அறியும். பொறியைக் கணிப்பொறித் துறை அறியும். பொருளாகிய தமிழைத் தமிழ்த்துறையே அறியும் என்பது விடை. 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகை இதற்குச் சான்று. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்வரிசை பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த அதில், மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்தைத் தட்டினால் புள்ளி தானே தோன்றும். இனவெழுத்து மயக்கம் பற்றிய இலக்கண அறிவு பொறியினுள் புகுந்ததனால் விளைந்த பயன் இது.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விலகி நிற்றல் மற்றொரு சான்று. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் ஆரால்டு சிஃப்மனும் வாசு அரங்கநாதனும் இணையவழித் தமிழ்ப் பாடங்களை அமைத்தபோது, பிறமொழியாளர்க்கு இவ்விரு வழக்குகளையும் கற்பிக்கும் முறை பற்றி ஆராய வேண்டியதாயிற்று. அதே வினா வடுகபட்டிச் சிறுவனுக்கும் உரியது. அவன் வீட்டில் பேசும் தமிழ் வேறு. திரையில் ஒலிக்கும் பாடத் தமிழ் வேறு. 2018இல் தமிழகப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம் பெற்றன. 2019 ஆகஸ்டு 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அத்திரையே பல இல்லங்களில் வகுப்பறையாயிற்று. கருவி ஊரை அடைந்தது. அக்கருவி வழியே தமிழ் எவ்வாறு அடைந்தது என்பது தமிழ்த்துறை விடை காண வேண்டிய வினா.

முதுகலை மாணவர் மேற்கொள்ளத் தக்க பொருள்கள் மூன்றினை ஈண்டுச் சுட்டுகின்றோம். ஒன்று, வல்லெழுத்து மிகும் இடம் பற்றிய இணையப் பயிற்சிகளில் மாணவர் செய்யும் பிழைகளைத் தொகுத்து, எவ்வெண்ணத்தால் அப்பிழை பிறந்தது என்று வகைப்படுத்துதல். இரண்டு, சங்கப் பாடல் ஒன்றைக் காணொளியில் பயிலும் மாணவர் எவ்விடத்தில் நிறுத்தி மீண்டும் கேட்கின்றனர் என்று கண்டு, உரையாசிரியர்கள் விளக்கம் தந்த இடங்களோடு அதனை ஒப்பிடுதல். மூன்று, தான் கற்ற பாடத்தை இளைய மாணவனுக்குக் கைப்பேசியில் சொல்லி அனுப்புமாறு செய்து, சொன்னவன் அடைந்த தெளிவை அளத்தல். மூன்றாவது, நன்னூலாரின் அரைப்பங்கினை இக்காலக் கருவி கொண்டு சோதிப்பதாகும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இலக்கணத்தில் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். அவை தமிழ் மாணவரிடம் உள.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. தமிழகத்தில் கல்விக் கருவிகள் காலந்தோறும் வந்துள்ளன; அவற்றுட் பெரும்பாலானவை ஆசிரியன் சொல்லைச் சுமந்து செல்வனவாகவே அமைந்தன. இணையத் தமிழ்க் கல்வியை அமைத்தோர் பெரும்பாலும் பிற துறைகளின் இருக்கையிலிருந்து தொண்டாற்றினர். பாட ஆக்கத்திற்கு மதிப்பு வந்த பின்னும் கற்றலை ஆராய்வோர்க்குத் தமிழ்த்துறையுள் உறுதியான இடம் அமையவில்லை.

இக்குறை நீங்க, முதுகலைப் பாடத்தில் இணையவழித் தமிழ்க் கற்பித்தல் ஒரு தாளாக அமைதல் வேண்டும். விரிவுரையாளர் பதவிகளுள் ஒன்றேனும் இப்பொருளில் ஆய்ந்தார்க்கு உரியது என அறிவிக்கப்பெறுதல் வேண்டும். இத்துறை ஆய்வேடுகளை மதிப்பிடுங்கால் தமிழறிஞர் ஒருவரும் கல்வித் தொழில்நுட்ப அறிஞர் ஒருவரும் ஒருங்கிருத்தல் வேண்டும். எழும்பூரில் மணல் பரப்பிக் கற்பித்த முறை பிறர் பெயரால் உலகில் நின்றது. இன்று திரையில் தமிழ் கற்பிக்கும் முறையை ஆராய்ந்து எழுதும் பொறுப்பினைத் தமிழ்த்துறைகள் ஏற்குமாயின், வடுகபட்டியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் ஊர்ச் சிறுவரின் கற்றலையே ஆய்ந்து, அவ்வாய்வினாலேயே தமிழ்ப் பேராசிரியராக அமரும் நிலை உண்டாகும். அந்நிலையை உண்டாக்குதல் நம் துறைகளின் கையில் உள்ளது.